கையில் டிப்ளோமா, அடுத்தது எங்கே?

ரிவர்ஸ்டன் உச்சியில் நிற்கும் ஒலிபரப்புக் கோபுரத்தை மாத்தளைப் பக்கத்துச் சகோதரிகள் அறிவீர்கள். அந்த மலைக்குக் கீழே, ரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டார். மகள் உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி. இசட் புள்ளி போதவில்லை. பிள்ளைக்கு வானொலி, தொலைக்காட்சித் துறையில்தான் ஆசை. தனியார் நிறுவனமொன்று, "இரண்டு வருடம் இங்கே படித்தால் மூன்றாம் வருடம் பல்கலைக்கழகம் போகலாம்" என்றதாம். தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்பதே கேள்வி.

"எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டீர்களா அம்மா?"

"அத கேக்கலையே மிஸ்."

சகோதரிகளே, கேட்க வேண்டியது அதைத்தான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, சமுதாயக் கல்லூரியில் குறித்த பாடங்களில் 60 அலகுகள் முடித்தவர் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் சேரலாம். தொடர்பாடல் துறைக்கும் அந்த வழி உண்டு. நம் நாட்டில் மானியங்கள் ஆணைக்குழு உயர்தரப் பெறுபேற்றைப் பார்த்து முதலாம் வருடத்துக்கே பிள்ளைகளை எடுக்கிறது. திருகோணமலை வளாகத்தின் தொடர்பாடல் கற்கைகளுக்கும் அந்த வாசல்தான். உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம் என்பதால், ஒரு தடவை மட்டுமே எழுதிய பிள்ளை அதை முதலில் யோசிப்பது நல்லது.

படிப்படியாக ஏறும் வழியும் இல்லாமலில்லை. தேசிய தொழில் தகைமையில், அதாவது என்.வி.கியூ.வில், 7 மட்டங்கள். 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். பொருத்தமான துறையில் 5 அல்லது 6 பெற்றவர், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இரத்மலானை யுனிவொடெக் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். பல்லூடக, இணையத் தொழில்நுட்பத்தில் பட்டம் அங்கே உண்டு. செய்தி எழுதும் படிப்பல்ல அது. ஆனால் இன்றைய ஊடக நிலையங்களுக்கு வேண்டிய கைவேலை. கண்டித் தொழில்நுட்பக் கல்லூரியில் எந்தப் பாடநெறி எந்த மட்டம் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். மட்டம் 4 சான்றிதழோடு நேரே பட்டத்துக்குப் போக முடியாது. இதைச் சொல்லாமலே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

வேலை செய்துகொண்டே படிக்க விரும்பினால் திறந்த பல்கலைக்கழகம். பொல்கொல்லையில் அதன் கண்டி நிலையம். உயர்தரம் இல்லாதவரும் 18 வயதானால் அடிப்படைக் கற்கைநெறியில் தொடங்கலாம்.

தனியார் இடத்தில்தான் சேர்வதென்றால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா, அந்தப் பாடநெறிக்கே அங்கீகாரம் உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பிறகு, எந்தப் பல்கலைக்கழகம் எத்தனை கிரெடிட்டை ஏற்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தேசிய தகைமைச் சட்டகத்தில் முழுநேரப் படிப்பு வருடமொன்றுக்கு 30 கிரெடிட், ஒவ்வொன்றும் 50 மணிநேரக் கற்றல். ஆறுமாத வாரஇறுதி வகுப்பு அதில் எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம். கடிதம் தரத் தயங்கினால் பணத்தைக் கட்டாதீர்கள்.

இன்னொன்று, யுனிவொடெக்கில் படிப்பு ஆங்கிலத்தில். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டிலிருக்கும் மாதங்களிலேயே பிள்ளையை ஆங்கில வகுப்புக்கு அனுப்பிவிடுங்கள்.