பெயரில்லாத கிற்றாருக்குப் பொய்ப்பெயர் ஒட்ட வேண்டாம்



போன கிழமை எங்கட ஊர்காவற்றுறையில் தெரிந்த ஒரு வீட்டுப் பரணில் இருந்து ஒரு பழைய மின்கிற்றார் கீழே இறங்கியது. தலைப்பகுதியில் கம்பனிப் பெயர் இல்லை. பின்பக்கத் தகட்டில் 'மேட் இன் யப்பான்' என்று மட்டும் இருக்கிறது. கப்பலில் வேலை செய்த அப்பு கொண்டுவந்தது என்றும், 1970களின் தொடக்கத்திலேயே அவர் கடலை விட்டுவிட்டார் என்றும் வீட்டார் சொல்கிறார்கள்.

பெடியள் போனில் படமெடுத்துத் தேடினார்கள். 'டெய்ஸ்கோ' என்று வந்தது. வாங்க வந்த ஒருவரோ, "பெண்டர் யப்பான் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் விலை ஏறும்" என்றாராம். "சேர், என்ன செய்வம்?" என்று வீட்டார் கேட்டார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் நாலைந்து பேர் கூடித் தேடிப் படித்ததை வைத்து எங்கள் கருத்தைச் சொல்கிறோம்.

ஸ்டிக்கர் கதை நிற்காது. பெண்டர் யப்பான் தொடங்கியதே 1982இல். அப்பு கரைக்கு வந்த பிறகு பிறந்த கம்பனி அவர் கையில் எப்படி வந்தது? விசயம் தெரிந்தவர் ஒரு நிமிசத்தில் பிடித்துவிடுவார்.

டெய்ஸ்கோ என்பதும் அவசர முடிவு. அது 1946இல் டோக்கியோவில் தொடங்கி, 1967இல் கவாய் கம்பனியின் கைக்குப் போன உண்மையான கம்பனிதான். ஆனால் இன்று விற்கிறவர்கள் பெயர் தெரியாத பழைய யப்பான் கிற்றார் எதைக் கண்டாலும் அந்தப் பெயரையே சொல்லிவிடுகிறார்கள். போனும் அதையே திருப்பிச் சொல்கிறது.

உண்மை கொஞ்சம் சிக்கலானது. 1965இல் வெஞ்சர்ஸ் என்ற அமெரிக்கக் குழு யப்பானில் வாசித்த நேரம் அங்கே மின்கிற்றார் மோகம் உச்சத்துக்குப் போனது. மட்சுமோட்டோ நகரத்தில் மட்சுமோக்கு என்றொரு மரவேலைத் தொழிற்சாலை இருந்தது. சிங்கர் தையல் மெசினுக்கு மரப்பெட்டி செய்தவர்கள்தான் பிறகு கிற்றாரும் செய்தார்கள். 1987இல் மூடும்வரை பல பெயர்களுக்குச் செய்து கொடுத்தார்கள். அதே நகரத்தில் 1960இல் தொடங்கிய புஜிகென்னும் அப்படித்தான். வெளிநாட்டு வியாபாரி கேட்ட பெயரைத் தலையில் ஒட்டி அனுப்புவார்கள். கேட்காவிட்டால் பெயரே இல்லை. திருகாணி, பாலம், பிக்கப் போன்ற உதிரிப்பாகங்களையும் பல தொழிற்சாலைகள் வெளியே ஒரே இடத்தில் வாங்கின. ஆகவே ஒரு பாகம் ஒத்துப்போனால் மட்டும் செய்தவரைக் கண்டுபிடித்ததாகாது.

பிறகு எப்படிப் பார்ப்பது? தந்தியைத் தளர்த்தி, கழுத்தைப் பிடித்திருக்கும் நாலு ஸ்குரூவை மெதுவாகக் கழற்றினால் உள்ளே பென்சில் எழுத்தோ முத்திரையோ இருக்கலாம். உடல் ஒற்றை மரமா, ஒட்டுப்பலகையா? தலையின் வடிவம் என்ன? பிக்கப்பின் அடிப்பக்கம் எப்படி? இவற்றைச் சேர்த்துப் பார்த்து, பெயர் உறுதியான வேறு கிற்றார்களோடு ஒப்பிட வேண்டும். மூன்று நாலு அடையாளம் ஒன்றாகப் பொருந்தினால்தான் ஒரு பெயரைச் சொல்லலாம். ஈயம் வைத்த வயரை மட்டும் தொடாதீர்கள். பெயின்ற் அடிக்கவும் வேண்டாம். அடித்தால் இருக்கிற சாட்சியும் போய்விடும்.

வீட்டார் சொல்லும் கதையும் ஒரு சாட்சிதான். 1970இலிருந்து 1977வரை இறக்குமதிக் கட்டுப்பாடு எப்படி இருந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கடையில் வாங்கியதா, கப்பலில் வந்ததா என்பது காலத்தைக் கணிக்க உதவும். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ.மனோகரனும் தமிழ்ப் பொப் இசையைப் பரப்பிய காலமும் அதுதான். அப்பு எந்த மேடையில் வாசித்தார், யார் கூட இருந்தார் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

நாங்கள் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் எங்கட சனம் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டபோது வீட்டில் இருந்த சாமான் எல்லாம் விட்டபடியே போனது. திரும்பி வந்து, இது எங்கட காணி, இது எங்கட வாப்பா வைத்த மரம் என்று சொல்ல ஒரு கடதாசிக்கும் ஒரு சாட்சிக்கும் அலைந்திருக்கிறோம். இந்தத் தீவுகளில் இடம்பெயராத சமூகம் எது? பொய்ப்பெயர் ஒட்டினால் உண்மைக் கதை அழியும் என்பதை எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

விற்பது அவர்கள் உரிமை. ஆனால் விற்கும் பொருளின் குறையை மறைக்காதே என்பது எங்கள் மார்க்கம் சொன்ன வியாபார ஒழுங்கு. கோயிலிலும் தேவாலயத்திலும் வேறு மாதிரிச் சொல்லமாட்டார்கள். "யப்பானில் செய்தது, 1970களின் தொடக்கத்துக்குப் பிந்தியதல்ல, செய்தவர் உறுதியில்லை" என்று எழுதி விற்கலாம். விலை கொஞ்சம் குறையலாம், சொல் குறையாது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதும் இருந்தால் துடைக்க முதல் படமெடுங்கள். அந்தக் காலத்தில் இங்கே கிற்றார் வாசித்தவர்களைத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பெடியளோடு வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.