யாருக்கு ஓய்வுநாள்?

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஜவளகிரி வண்டிக்கு நிற்கும்போது எப்போதாவது ஒரு துண்டுப் பிரசுரம் கைக்கு வரும். மெய்யான ஓய்வுநாள் சனியா, ஞாயிறா என்று கேட்டு, ஞாயிறு ஆசரிப்பவர்களை அது ஒரு பிடி பிடித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் இதற்குப் பதிலடி கிடைக்கும். எந்தக் கிழமை என்று தீர்ந்துவிட்டால் ஓய்வுநாள் விவகாரமே தீர்ந்தது என்று இரு தரப்பும் நம்புகின்றன. அந்த நம்பிக்கைதான் தவறு.

கிழமைக் கணக்கில் சனிக்காரர்கள் கை ஓங்கியிருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மோசேயின் கட்டளை சொல்வது ஏழாம் நாளை. யூதர்கள் இன்றும் வெள்ளி பொழுது சாய்ந்ததும் அதைத் தொடங்குகிறார்கள். இயேசு உயிர்த்தெழுந்த நாளென்று ஆதிச் சபையார் ஞாயிறு கூடினார்கள். அதை அரசாங்க ஓய்வுநாளாக்கியது கி.பி. 321இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன். அந்த ஆணையிலும் நகரத்தாருக்குத்தான் ஓய்வு. உழவன் வயலில் வேலை செய்யலாம் என்று விலக்கு. விலக்கு எப்போதும் யார் தலையில் விழுகிறது பாருங்கள்!

தமிழ்நாட்டிலும் இது பழைய வழக்குதான். நாசரேத்தில் வெள்ளைக்கார மிஷனரியோடு முரண்பட்ட அருமைநாயகம் சட்டம்பிள்ளை, பக்கத்து மூக்குப்பீறியில் 1857இல் இந்துக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கி, சனிக்கிழமையையே ஓய்வுநாளாக்கினார். பாதிரிமார் கொண்டுவந்த ஞாயிறு வேதத்தில் எங்கே இருக்கிறது என்பது நியாயமான, துணிச்சலான கேள்வி. ஆனால் அதற்குப் பிறகும் வாதம் கிழமையை விட்டு நகரவில்லை.

கட்டளையை யாத்திராகமத்தில் படியுங்கள். கோயிலுக்குப் போ, பாட்டுப் பாடு என்று அதில் இல்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வீட்டு வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்று ஆள் ஆளாக எண்ணி, இவர்கள் யாரும் வேலை செய்யக் கூடாது என்கிறது. உபாகமம் காரணமும் சொல்கிறது: நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன். பேச்சு முழுக்க எஜமானனிடம்தான்.

இது புரிய வேதபாடசாலைக்குப் போக வேண்டியதில்லை. எல்லை தாண்டினால் கர்நாடகத்தில் லிங்காயத்து உழவர்கள் பலர் திங்கட்கிழமை காளையை ஏரில் பூட்டமாட்டார்கள். சிவனுக்கு உகந்த நாள், பசவன் என்று அவர்கள் அழைக்கும் காளைக்கு ஓய்வு. இவர்கள் யாத்திராகமம் படித்தவர்களல்ல. மாட்டின் கழுத்துக் காய்ப்பைத் தினமும் பார்க்கிறவர்கள்.

இனி ஓசூருக்கு வருவோம். ஆராதனைக்குப் போகும் குடும்பத்தின் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு ஞாயிறும் வேலை. விருந்தாளி வந்தால் இரட்டை வேலை. கோயில் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்குப் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. பெரும்பாலும் ஒடிசா, பீகார்ப் பையன்கள். வேதம் சொல்லும் அந்நியன் இவர்களைவிட வேறு யார்? வீக் ஆஃப் கேட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்பதால் கான்ட்ராக்ட் ஆள் கேட்பதே இல்லை. சனி ஆசரிக்கும் முதலாளி கடையை மூடினாலும் அன்றைக்குக் கூலி தரவில்லையென்றால், அவர் தந்தது ஓய்வா, பட்டினியா?

ஞாயிறு லீவு வெள்ளைக்காரன் கோயிலுக்குப் போகக் கொடுத்த சலுகை என்பதும் பாதிக் கதைதான். பம்பாய் ஆலைத் தொழிலாளிகளுக்கு அதை 1890இல் போராடி வாங்கியவர் ஜோதிராவ் புலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே.

எல்லாரும் ஒரே நாள் உட்கார்ந்தால் தளிப் பக்கம் பாலிஹவுஸ் ரோஜாவை யார் கொய்வது, மாட்டை யார் கறப்பது என்று கேட்பார்கள். சரியான கேள்வி, ரோஜா ஞாயிறு பார்த்து மலர்வதில்லை. இதற்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வழி சொல்லியிருந்தது: ஞாயிறு வேலை வாங்கினால், அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் ஒரு முழுநாள் விடு, எப்படியானாலும் லீவில்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்காதே. பிரசுரம் அச்சடிக்கிற சபையும் பதில் பிரசங்கம் செய்கிற சபையும், முதலில் தங்கள் கேட்டில் நிற்கும் ஆளுக்குச் சம்பளத்தோடு அந்த ஒரு நாளை எழுதித் தரட்டும். கிழமையை அவரே சொல்லட்டும்.