கப்பல் நின்றபோது கையிலிருந்த தமிழ்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகட்கு முன், மேலூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து முதியவர் ஒருவர் தம் பெயரனை ஆறாம் வகுப்பிற் சேர்ப்பதற்காக யாம் பணியாற்றிய பள்ளிக்கு வந்திருந்தார். சேர்க்கைத் தாளை நீட்டிக் கையெழுத்திடச் சொன்னோம். அவர் இடக்கைப் பெருவிரலை நீட்டினார். மையைத் தடவிக்கொண்டே, "பள்ளிக்கூடம் போகாதவன் இல்ல வாத்தியாரய்யா. மலாய் நாட்டுத் தோட்டத்துல ரெண்டு வருசம் போனவந்தேன்" என்றார். அவ்வாறு சொன்னவர், சொன்ன நொடியிலேயே முதுகை நிமிர்த்தி, கைகளைத் தொடையோடு ஒட்டி, "இச்சி, நி, சான், சி, கோ" எனப் பத்து வரை தடையின்றி எண்ணிக் காட்டினார். பெயரன் வாய்பொத்திச் சிரித்தான். எமக்குச் சிரிப்பு வரவில்லை. சப்பானிய மொழியில் பத்து வரை எண்ணத் தெரிந்த தமிழர்க்குத் தம் பெயரைத் தமிழில் எழுதத் தெரியவில்லை. "அனா ஆவன்னா மணல்ல எழுதுனோம். அதுக்கு மேல வாங்க ஏடு ஏது? வாத்தியாரும் காய்ச்சல்ல போயிட்டாரு" என்று அவர் சொன்னது இன்றும் எம் செவியை விட்டு அகலவில்லை.

அம் முதியவரின் கைநாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதனைத் தமிழன்பர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

பால்மரக் காடுகளை வெட்டித் திருத்த ஆங்கிலேயன் ஆள் தேடியபோது, வானம் பொய்த்த மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் கப்பல் கப்பலாகத் தமிழரை ஏற்றிச் சென்றனர். தோட்டத்திற் பிறந்த பிள்ளைகட்குப் பள்ளி வேண்டும் என்னும் எண்ணம் துரைமார்க்குத் தாமாக வந்ததன்று. ஏழு முதல் பதினான்கு அகவைக்குள் பத்துப் பிள்ளைகள் உள்ள தோட்டம் பள்ளி வைத்தே ஆகவேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்த பின்னரே கொட்டகைகள் எழுந்தன. பெயர்தான் பள்ளி. பல தோட்டங்களில் கணக்கப்பிள்ளையோ எழுத்தறிந்த கங்காணியோ ஆசிரியர். பயிற்சி பெற்றவர் அரியர். பெரும்பாலும் நான்காம் வகுப்புக்கு மேல் செல்ல வழியில்லை. பாட நூல்களோ, பெரும்பாலும் நாகையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலில் வந்தவையே. அந்நாட்டுக்கென அந்நாட்டில் எழுதி அச்சிட்ட தமிழ்ப்பாட நூல் தோட்டப் பிள்ளையின் கைக்கு வந்தது அரிது. 1930களின் இறுதியில் இத்தகைய பள்ளிகள் ஐந்நூற்றுக்கும் மேல் இருந்தன என்று பெருமை பேசுவோர் உண்டு. எண்ணிக்கை உண்மையே. அவை நின்ற கால்தான் மெலிந்த கால்.

1941 திசம்பர் 8 அன்று சப்பானியப் படை கோத்தபாருவில் இறங்கியது. 1942 பிப்பிரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. சிங்கைக்குச் 'சோனான்' எனப் பெயர் மாற்றினர். மணிப்பொறிகளை ஒன்றரை மணி முன்தள்ளித் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பினர். ஆண்டினை 2602 என்று எண்ணச் சொன்னர். நேரமும் ஆண்டும் மாறிய பின் பள்ளி மாறாதிருக்குமோ? காலையிற் பிள்ளைகள் வரிசையில் நின்று பேரரசன் இருந்த திசை நோக்கி வணங்கல் வேண்டும். சப்பானிய நாட்டுப்பண் பாடல் வேண்டும். உடற்பயிற்சி செய்தல் வேண்டும். 'நிப்பான்கோ' பயிலல் வேண்டும். ஆசிரியரே மாலையில் மாணவராய் அமர்ந்து அம்மொழியைக் கற்று, மறுநாட் காலையில் பிள்ளைகட்குச் சொன்னார். அதுவே அன்றைய ஆசிரியப் பயிற்சி!

இங்கு ஒன்றை நடுநிலையோடு சொல்லல் வேண்டும். சப்பானியன் தமிழைத் தடை செய்யவில்லை. சீனப் பள்ளிகளைப் பகைக்கண்ணோடு நோக்கியவன், தமிழ்ப்பள்ளிகளையும் மலாய்ப்பள்ளிகளையும் திறக்க இசைந்தான். தமிழ்மேற் கொண்ட காதலால் அன்று. ஆங்கிலேயனுக்கு எதிராக இந்தியரைத் திரட்டும் வேலை அவனுக்கு இருந்தது. இசைவு கிடைத்தது, ஆனால் நூல் கிடைக்கவில்லை. இசைவுத்தாளை வைத்துக்கொண்டு எழுத்தறிவிக்க முடியுமா? இந்தியக் கடலிற் கப்பல் நின்றதும் மலையாத் தமிழ்ப்பள்ளியின் ஏடும் நின்றது. பழைய ஏடுகள் கிழிந்தன, எழுதுதாள் அருகியது, மணலே பலகையாயிற்று.

பின்னர் ஆசிரியரும் பெற்றோரும் குறைந்தனர். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கல்லயிர மாத்திரி நீளத்திற்கு இருப்புப்பாதை அமைக்க, 1942இன் பிற்பகுதி தொடங்கி 1943 அத்தோபர் வரை சப்பானியப் படை ஆள்பிடித்தது. மலையாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டு செல்லப்பட்டனர். அவருட் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர். கழிச்சல் நோயும் முறைக்காய்ச்சலும் பட்டினியும் பல்லாயிரவரை அக்காட்டிலேயே புதைத்தன. தந்தை சயாமுக்குப் போனான். தாய் மரவள்ளி நட்டாள். பிள்ளை பள்ளிக்கு வாராமல் கிழங்கு தோண்டினான். பெற்றோர் இருவரையும் இழந்து தோட்டங்களிற் திரிந்த பிள்ளைகட்கு எந்த மொழியிற் கல்வி என்னும் வினாவே எழவில்லை.

இனி நாம் சொல்லப்போவது சிலர்க்குக் கசக்கும். 1943 சூலையில் சுபாசு சந்திர போசு சிங்கைக்கு வந்தார்; அத்தோபர் 21 அன்று விடுதலை இந்திய அரசை அறிவித்தார். அவர் படையில் தோட்டத் தமிழர் திரண்டனர். தோட்டத்துப் பெண்பிள்ளைகள் சான்சிராணிப் படையில் துமுக்கி ஏந்தினர். தாலியைக் கழற்றிக் கொடுத்த தாய்மார் உண்டு. கங்காணி முன் குனிந்த முதுகுகளை நிமிர்த்தியவர் போசு என்பதை யாம் மறுக்கவில்லை. தென்பாண்டி நாட்டில் அவர் பெயரை இன்றும் பிள்ளைகட்கு இடுவதன் கரணியம் அதுவே. ஆயினும், அவ்வரசின் பொதுமொழி எது? உரோம எழுத்தில் எழுதிய இந்துத்தானி. படைக்குக் கட்டளை அம்மொழியில்; விடுதலைக் கழகம் நடத்திய பள்ளிகளிலும் அம்மொழிப் பாடம். தலைவர் பேச்சைத் தமிழிற் பெயர்த்துச் சொன்னால்தான் அவையோர்க்கு விளங்கிற்று. பொருளும் உயிரும் கொடுத்த பெருங்கூட்டத்தின் மொழி, பெயர்த்துச் சொல்லும் மொழியாகவே நின்றது. ஆக, மூன்றரை ஆண்டுகளில் அத்தோட்டத்துப் பிள்ளை ஆங்கிலேயனின் மொழி போகக் கண்டான்; சப்பானியன் மொழி வரக் கண்டான்; தன்னை விடுவிக்க வந்தவர் இந்துத்தானியைக் கையில் ஏந்தி வரவும் கண்டான். பகைவனும் நண்பனும் இதில் ஒரே வகை.

இதே காலத்திற் பிறநாடுகளில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எங்கே தவறினோம் என்பது விளங்கும். சிங்கை வீழ்ந்த இரண்டாம் நாள், அஃதாவது 1942 பிப்பிரவரி 17 அன்று, பிலிப்பைன்சு நாட்டில் சப்பானியப் படையாட்சி கல்விக்கான ஆணையொன்றை விடுத்தது. அமெரிக்கச் சார்பை ஒழித்தல், ஆங்கிலத்தைப் படிப்படியாகக் கைவிடுதல், சப்பானிய மொழியைப் பரப்புதல் ஆகியன அதன் கூறுகள். பாடநூல்களில் அமெரிக்காவைப் பற்றிய பகுதிகள் மேல் தாள் ஒட்டி மறைக்கப்பட்டன. பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் தொகை போருக்கு முன்னிருந்ததில் ஒரு சிறு பங்காகக் குறுகிற்று. ஆனால் அங்கே ஒரு வியப்பும் நிகழ்ந்தது. ஆங்கிலத்தை விரட்டச் சப்பானியன் தகலாகு மொழியைத் தட்டிக் கொடுத்தான். அம்மொழி அவ்வாய்ப்பைப் பற்றிக்கொண்டு வளர்ந்தது! ஆங்கிலத்தில் எழுதியவர் தாய்மொழிக்குத் திரும்பினர். 'லிவாய்வாய்' இதழ் வழியே 1943இல் நடந்த சிறுகதைப் போட்டியிற் தேர்ந்த கதைகளை அந்நாட்டார் இன்றும் போற்றிப் படிக்கின்றனர். ஏன் அங்கு வளர்ந்தது? 1937இலேயே தகலாகை அடிப்படையாகக் கொண்ட நாட்டுமொழியை அறிவித்துவிட்டனர். 1940இல் இலோப்பே சாந்தோசின் இலக்கணநூல் வெளிவந்து, பள்ளிகளில் மொழிப்பாடம் தொடங்கிவிட்டது. மாற்றான் கதவைத் திறந்தபோது உள்ளே நுழையக் கையில் இலக்கணமும் எழுத்தாளரும் இதழும் இருந்தன. நம்மவர் கையில் மணல் இருந்தது.

கொரியாவிலோ நிலைமை நேர்மாறு. அங்கே தட்டிக் கொடுத்தலும் இல்லை. 1938இல் தாய்மொழியை விருப்பப்பாடமாகத் தாழ்த்தினர். 1940இல் குடும்பப் பெயரையே சப்பானிய முறைக்கு மாற்றுமாறு நெருக்கினர். 1942இல், கொரிய மொழிக் கழகத்தார் அகரமுதலி தொகுத்துக்கொண்டிருந்ததையே குற்றமாக்கிச் சிறையிட்டனர். சொல் தொகுத்தது குற்றம்! இருவர் சிறையிலேயே மாண்டனர். பறித்துச் சென்ற கையெழுத்துப்படிகள் தொலைந்தன என்றே எண்ணினர். 1945 செபுதம்பரில் சியோல் தொடர்வண்டி நிலையத்துப் பண்டகசாலையில் அவை கிடந்தன. 1947இல் முதல் மடலம் வந்தது. 1957இல் ஆறு மடலங்களும் நிறைந்தன.

இதைப் படிக்கும்போது எமக்கு மதுரையே நினைவுக்கு வருகின்றது. 1981 சனவரியில் இந்நகரில் ஐந்தாம் உலகத்தமிழ் மாநாடு நடந்தது. அதற்கு வந்து உரையாற்றிய மொழிஞாயிறு பாவாணர் இங்கேயே நோயுற்று இங்கேயே மறைந்தார். சொற்பிறப்பியற் பேரகரமுதலித் திட்டத்தை 1974 முதல் தாங்கியவர், அதன் முதல் மடலத்தை அச்சிற் காணவில்லை; அது 1985இல் வந்தது. நம் அகரமுதலிக்காரரை யாரும் சிறையிடவில்லை. ஆயினும் அவர் வாழ்நாளெல்லாம் பொருளின்றி அலைந்தார். சிறையிட்ட நாட்டில் முதல் மடலம் வந்த பத்தாண்டில் முடிந்தது, சிறையிடாத நாட்டில் எத்தனை ஆண்டு இழுத்தது என்பதை அன்பர்களே கணக்கிட்டுக் கொள்க.

மலையாத் தமிழரை மட்டும் குறைசொல்லி நிறுத்துதல் முறையன்று. போர் முடிந்ததும் அவர்கள் விழித்துக்கொண்டனர். 1950களில் மலையாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, வடமொழிக்கே முதலிடம் என்று இங்கிருந்து சென்ற நீலகண்ட சாத்திரியார் பரிந்துரைத்தார். 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி பொங்கி எழுந்தார்; 'தமிழ் எங்கள் உயிர்' என்று பொருள் திரட்டினார். பால்மரம் சீவிய கைகள் தம் கூலியிலிருந்து கொடுத்தன. 1956இல் துறை அமைந்தது. தமிழ் அதில் தனக்குரிய இடத்தைப் பெற்றது. அன்று திரட்டிய பொருள் தமிழ் நூல்களாயிற்று. கப்பலுக்குக் காத்திருந்த கூட்டம், பத்தாண்டிற் தன் நூலகத்தைத் தானே கட்டத் தலைப்பட்டது! ஆயினும், 1957இல் 888ஆக இருந்த அந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றிருபதை ஒட்டி நிற்கின்றன. தோட்டம் அழிந்த இடத்திற் பள்ளியும் அழிந்தது. எஞ்சியவற்றை அங்குள்ள தமிழர் கண்ணெனக் காக்கின்றனர்.

நம் நிலைமைக்கு வருவோம். 1965 சனவரி 25 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்து இம்மதுரைத் தெருக்களிற் பொங்கிய மாணவர் பெயரைச் சொல்லி நாம் மார்தட்டுகின்றோம். 2020ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கையின் மும்மொழித் திட்டத்தை ஏற்காத நிலையில், 2024-25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி உருபாவை நடுவணரசு நிறுத்தி வைத்தபோது கொதித்தோம். கொதித்தது முறையே. ஆனால், கூட்டம் கலைந்து வீடு திரும்பியபின் நம் பெயரனை எம்மொழிவழிப் பள்ளியிற் சேர்த்தோம்? இவ்விதழைப் படிக்கும் அன்பர் வீட்டிலும், எழுதும் எம் உறவினர் வீட்டிலும் இவ்வினாவிற்கு விடை ஒன்றே. எம் வகுப்பில் தமிழ்வழிப் பிரிவு ஆண்டுக்காண்டு சுருங்குவதை எந்த நடுவணமைச்சரும் வந்து செய்யவில்லை. திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கும் மஞ்சள் வண்டி செய்கின்றது. இயற்பியலையும் கணக்கையும் நல்ல தமிழிற் சொல்லும் மேல்வகுப்பு நூல்கள் எத்தனை உள? அவற்றை நடத்தும் ஆசிரியர் எத்தனை பேர்? தடையில்லாத நாளிலேயே இவை இல்லையெனில், தடை வருநாளில் எதனை வைத்துத் தாங்குவது?

மேலூர் முதியவர் இன்று இல்லை. அவர்போல் 1942இல் தோட்டப்பள்ளியில் அமர்ந்து, போருக்குப்பின் நம் பக்கத்துச் சிற்றூர்களுக்குத் திரும்பியவர்கள் தொண்ணூறை எட்டிய அகவையில் இன்னும் சிலர் இருத்தல் கூடும். மேலூர், திருமங்கலம், சோழவந்தான், திருப்புவனம் பக்கத்து அன்பர்கள் அத்தகையோர் இருப்பின் அருகமர்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம், யார் ஆசிரியர், என்ன பாடம், ஏடு இருந்ததா, எந்நாளில் பள்ளி நின்றது என்பவற்றை அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதி எமக்கு விடுங்கள். பேச்சுவழக்கைத் திருத்த வேண்டா. அடுத்த திங்கள் முதல் இவ்விதழில் அவற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகின்றோம்.