முதலில் ஒரு நாள் லீவு

லாங் பஜார், காலை பத்து மணி. ஒருபக்கம் வெங்காய மூட்டை வண்டி, மறுபக்கம் ஆட்டோ, நடுவே விசிலோடு ஓர் இளம் காவலர். "சாப்பிட்டாச்சா தம்பி?" என்றேன். "நைட் டூட்டி சார், இன்னும் வீட்டுக்கே போகலை" என்றார்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். அங்கே சிவப்புத் தொப்பிப் போலீஸைக் கண்டாலே ஓடி ஒளிவோம். அவருக்கும் களைப்பு உண்டென்று அன்று தோன்றவில்லை.

போலீஸுக்கு யோகா, தியானம் என்றால் நம்மவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிக்க மாட்டேன். ரத்தக் கொதிப்புக்காக மூச்சுப் பயிற்சி தொடங்கியவன் நான். மாத்திரை நிற்கவில்லை, ஆனால் எரிச்சல் குறைந்தது. வீட்டம்மாவே சாட்சி! கிரண் பேடி 1994-ல் திகார் சிறையில் ஆயிரம் கைதிகளை விபாசனா தியானத்தில் உட்கார வைத்தார். 2018-ல் தமிழக அரசு பெங்களூரு நிம்ஹான்ஸுடன் சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி கொண்டுவந்தது. அதில் குடும்பத்தாரையும் சேர்த்தது எனக்குப் பிடித்தது. ஸ்டேஷன் கோபம் வந்து இறங்குமிடம் வீடுதானே.

ஆனால் தூங்காதவரைக் கண்ணை மூடச் சொன்னால் குறட்டைதான் வரும். 2021 நவம்பரில் காவலர்களுக்கு வார ஓய்வு தந்து அரசாணை வந்தது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஆணைக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் தெரியும். அந்த ஒரு நாளைத் தவறாமல் கொடுக்கட்டும், பாயை அப்புறம் விரிக்கலாம்.

தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு கையில் டம்ளர். மறு கையால் லாரியை நிறுத்தினார்.