மழை விட்ட பிறகு வந்த வெள்ளம்: மாவிலாறு சொல்லும் பாடம்

2025 நவம்பர் 29ஆம் திகதி சனிக்கிழமை, டித்வா புயல் இலங்கையை விட்டு விலகி வடக்கே கடலில் நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை மாவிலாறு அணைக்கட்டின் கரை உடைந்தது. சேருவில, மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்நிலங்களில் தண்ணீர் பாய்ந்தது. சிக்கிக்கொண்ட மக்களைப் படகுகளிலும் ஹெலிகொப்டர்களிலும் மீட்க வேண்டி வந்தது.

புயல் போனதற்கும் கரை உடைந்ததற்கும் இடையில் ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாளைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். நிவாரணம், நட்டஈடு, பாலங்கள், பாதைகள் பற்றியெல்லாம் பேசினோம். பேசத்தான் வேண்டும். ஆனால் காற்றும் மழையும் அடங்கிய பிறகு எங்களை மூழ்கடித்த தண்ணீர் எங்கிருந்து, எந்த வழியாக, எத்தனை நாள் பயணம் செய்து வந்தது என்பதை விளங்கிக்கொள்ளாவிட்டால், அடுத்த மாரியிலும் இதே நிலைதான்.

அந்த வாரத்தை ஒருமுறை நாள் வரிசையில் பார்ப்போம். வார நடுவிலேயே மலைநாட்டில் மண்சரிவுகள் தொடங்கிவிட்டன. நவம்பர் 27, எங்கள் பகுதிகளில் நினைவேந்தல் நாள். அன்றுதான் வங்கக் கடலின் தாழமுக்கம் வலுத்து, டித்வா என்ற பெயரைப் பெற்றது. 28ஆம் திகதி அது திருகோணமலையை அண்டிக் கிழக்குக் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்தது. அந்த நாட்களில் மாத்தளை மாவட்டத்தின் கம்மடுவையில் 24 மணித்தியாலங்களில் 500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பதிவானது. கண்டி, பதுளை, நுவரெலியா மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 25 மாவட்டங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

கம்மடுவை எங்கே, மூதூர் எங்கே என்று கேட்கலாம். கம்மடுவை நக்கிள்ஸ் மலைச்சாரலில் இருக்கிறது. அந்தச் சாரலின் தண்ணீர் அம்பன் கங்கையில் சேர்கிறது. அம்பன் கங்கை, மன்னம்பிட்டிக்கு மேலே மகாவலியோடு கலக்கிறது. 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி, இலங்கை நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கின் நீரை வாரிக்கொண்டு வந்து, ஒரு கிளையாக வெருகலிலும், மற்றக் கிளையாக மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் நடுவே கொட்டியாரக் குடாவிலும் கடலில் விழுகிறது. கண்டியில் பெய்தாலும் மாத்தளையில் பெய்தாலும் நாவலப்பிட்டியில் பெய்தாலும் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதிக்குக் கடைசி வாசல் நாங்கள்தான்.

நாங்கள் இருப்பது உலர் வலயம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் புல் கருகி, கிணறு வற்றி, மாடுகள் நீர் தேடி அலையும் பூமி இது. அப்போதும் மலைநாட்டில் மழை பெய்துகொண்டிருக்கும்; அந்த நீரை நம்பித்தான் எங்கள் சிறுபோகம் நடக்கிறது. மாரியில் எங்கள் தலைக்கு மேலும் மழை, மலையிலும் மழை. ஆகவே இங்குள்ளவர்களுக்கு இரண்டு வானிலை உண்டு. ஒன்று தலைக்கு மேலே தெரிவது. மற்றது மலையில் நடந்து, இரண்டொரு நாள் கழித்து ஆற்றின் வழியே வீட்டு வாசலுக்கு வருவது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வானத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. கங்கைத் தண்ணீரின் நிறத்தையும் பார்ப்பார்கள். தண்ணீர் செம்மண் கலங்கி, மரக்கட்டைகளை இழுத்துக்கொண்டு வந்தால், உள்ளூரில் வெயில் எறித்தாலும் மாட்டை மேட்டுக்கு ஓட்டிவிடுவார்கள்.

பெரியவர்கள் நிறத்தில் பார்த்ததை இன்று அரசு எண்களில் பார்க்கிறது. நீர்ப்பாசனத் திணைக்களம் நாவலப்பிட்டி, பேராதனை, வெரகன்தொட்ட, மன்னம்பிட்டி ஆகிய இடங்களில் மகாவலியின் நீர்மட்டத்தை அளக்கிறது. மழையை அளப்பது வளிமண்டலவியல் திணைக்களம். பெரிய அணைகளின் கதவுகள் மகாவலி அதிகாரசபையின் கையில். மக்களுக்குச் சொல்வது அனர்த்த முகாமைத்துவ நிலையம். ஆறு ஒன்று, அதைப் பார்க்கும் கண்கள் நான்கு. தகவல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தாழ்நிலங்களுக்கு வெள்ள அறிவித்தல்களும் வந்தன. ஆனால் மன்னம்பிட்டியில் நீர்மட்டம் இத்தனை மீற்றர் என்ற செய்தி, ஈச்சிலம்பற்றில் குடிசைக்குள் இருக்கும் தாய்க்கு என்ன சொல்கிறது? எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், முழங்காலளவா இடுப்பளவா, எந்தப் பாதை முதலில் அடைபடும் என்பதுதான் அவளுக்குத் தேவை. எண்ணை ஊரின் அளவுக்கு மொழிபெயர்க்கும் அந்தக் கடைசி வேலையைச் செய்ய யாரும் பொறுப்பாக நியமிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

மொழிபெயர்ப்பு என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த வாரத்தில் உத்தியோகபூர்வ எச்சரிக்கைகள் பல சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முந்தி வந்தன, தமிழில் பிந்தி வந்தன அல்லது வரவேயில்லை என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. மண்சரிவில் அகப்பட்ட மலையகத் தமிழருக்கும், அதே மழைநீரில் மூழ்கிய மூதூர்த் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அது ஏட்டளவில் உள்ள உரிமையாக இருந்தால் போதாது. வெள்ள நேரத்தில் மூன்று மணிநேரத் தாமதம் என்பது ஒரு குடும்பம் மேட்டுக்குப் போவதற்கும் கூரைக்கு ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் எச்சரிக்கை நேரத்தோடு, நல்ல தமிழில் வந்தாலும் எல்லோரும் எழும்பிப் போய்விடுவார்களா? இங்கேதான் எங்கள் பிரதேசத்தின் கதை மற்றப் பிரதேசங்களிலிருந்து வேறுபடுகிறது.

மாவிலாறு என்ற பெயரை உலகம் முதலில் கேட்டது வெள்ளத்தால் அல்ல. 2006 ஜூலையில், வறண்ட காலத்தில், அந்த வான்கதவு விடுதலைப் புலிகளால் மூடப்பட்டது. சேருவில, மூதூர்ப் பக்கத்து வயல்களுக்கான நீர் நின்றது. அதைச் சாட்டாக வைத்துத் தொடங்கிய சண்டை, ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூர் நகருக்குள் வந்தது. முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். ஓகஸ்ட் 4ஆம் திகதி, சுனாமிக்குப் பிந்திய வேலைகளுக்காக மூதூரில் இருந்த பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. சம்பூர், ஈச்சிலம்பற்று மக்கள் வெருகலைத் தாண்டி வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் போனார்கள்.

உயிரைக் காக்கப் போன சம்பூர் மக்களுக்கு, திரும்பிவர ஏறத்தாழ ஒன்பது வருடங்கள் எடுத்தன. அவர்களின் நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. பிறகு முதலீட்டுக்கென ஒதுக்கப்பட்டது, அனல்மின் நிலையத்துக்கும் குறிக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போனார்கள். 2015இலும் 2016இலும்தான் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன.

இந்த அனுபவம் உள்ள ஒருவரிடம் சீருடை அணிந்தவர் வந்து "உடனே வெளியேறுங்கள்" என்று சொன்னால், அவர் மனதில் எழும் முதல் கேள்வி தண்ணீர் எவ்வளவு வரும் என்பதாக இருக்காது. "எப்ப திரும்பி வரலாம்?" என்பதாகத்தான் இருக்கும். சிலர் கடைசிவரை வீட்டை விட்டு அசையாததைப் பிடிவாதம், அறியாமை என்று கொழும்பில் இருந்து சொல்வது இலகு. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பையில் கட்டி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கும் பழக்கம் எங்களுக்குப் போரால் வந்தது. வெள்ளத்திலும் அந்தப் பைதான் முதலில் கைக்கு வருகிறது.

ஆகவே, இங்கே நல்ல எச்சரிக்கை என்பது நீர்மட்டத்தோடு ஒரு வாக்குறுதியையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: எங்கே போகிறீர்கள், மாடுகளுக்கு எந்த மேடு, பூட்டிய வீட்டை யார் பார்ப்பார், எந்த நாளில் யார் திரும்ப அழைத்து வருவார். இதைக் கிராம உத்தியோகத்தர், பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் அறங்காவலர்கள், விகாரை, கமக்காரர் அமைப்பு ஆகியோர் கூட்டாகச் சொன்னால் மக்கள் நம்புவார்கள். மாவிலாற்றுக் கரை உடைந்தபோது சிங்களவர் வயல், முஸ்லிம் வயல், தமிழர் வயல் என்று தண்ணீர் பிரித்துப் பார்க்கவில்லை. மூன்று சமூகங்களும் ஒரே மேசையில் இருந்து பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான விடயம் எங்கள் பிரதேசத்தில் இல்லை.

இது செலவுக்கு அஞ்சவேண்டிய காரியமும் அல்ல. கங்கைக்கும் பிரமபுத்திராவுக்கும் கீழே கிடக்கும் வங்காளதேசத்தைப் பாருங்கள். 1970ஆம் ஆண்டுப் புயலில் அங்கே 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதன் பிறகு ஊர் ஊராகத் தொண்டர்களைப் பயிற்றினார்கள். இன்று அவர்களில் பாதிப்பேர் பெண்கள். கொடியும் ஒலிபெருக்கியும் கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். 2020இல் அம்பன் புயல் தாக்கியபோது அங்கு இறப்பு சில பத்துகளோடு நின்றது. எங்களைவிட வறிய நாடாக இருந்தபோதே தொடங்கியது அந்த ஏற்பாடு.

அழிந்த நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 150,000 ரூபா, வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா என்று அரசு அறிவித்தது. குத்தகைக்கு விதைத்தவருக்கும், உறுதியைப் போரில் தொலைத்தவருக்கும் அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் கணக்கெடுக்கவேண்டும். ஆனால் நட்டஈடு பெரும்போகம் அழிந்த பிறகு வருவது. அதற்கு முந்திய வேலைகளுக்குக் காலம் குறைவு. 1978இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி வந்தது நவம்பர் 23இல். 2020இல் புரேவி டிசம்பர் 2இல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. 2024இலும் நவம்பர் கடைசி வாரத்தில்தான் கிழக்கு மூழ்கியது. நாட்காட்டி எங்களுக்குத் தெரிந்ததுதான்.

அடுத்த ஒக்டோபருக்கு முன் மூதூர், வெருகல், சேருவில பிரதேச செயலகங்களிடம் நாம் கேட்கவேண்டியவை மூன்று. மாவிலாற்றுக் கரை எந்த அளவு வெள்ளத்தைத் தாங்கும்படி கட்டப்படுகிறது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் காட்டவேண்டும். 2025இல் தண்ணீர் ஏறிய உயரத்தை ஒவ்வொரு கிராமத்திலும் பாடசாலைச் சுவரிலோ மின்கம்பத்திலோ வர்ணத்தால் குறித்து, மன்னம்பிட்டியில் எத்தனை மீற்றர் ஏறினால் இங்கே இந்தக் கோடு நனையும் என்று பக்கத்தில் எழுதவேண்டும். வெளியேறும்படி கேட்கப்படும் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும், திரும்பும் உரிமையை உறுதிசெய்து பிரதேச செயலாளர் கையொப்பமிட்ட ஒரு துண்டு இருக்கவேண்டும். அந்தத் துண்டு, ஆவணப் பையில் காணி உறுதியோடு சேர்த்துக் கட்டத்தக்கதாக இருக்கட்டும்.