ஒரு வால்வை மாற்றக் கூடவா உரிமை இல்லை?

இன்ஜின் ஆயில் மாற்றத் தெரிந்தவர்கள், ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் கூட 'பிசிவி' என்று சொன்னால் முழிப்பார்கள். முழிப்பதில் தப்பே இல்லை. கண்ணில் படாதபடி அதை ஒளித்து வைத்திருக்கிறார்களே, அதுதான் தப்பு.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். இன்ஜினில் பெட்ரோல் எரியும்போது கொஞ்சம் வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, கீழே இருக்கும் கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். அதை வெளியேற்றாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், ஆயில் கெடும், சீல்கள் வழியே ஆயில் கசியும். அந்தக் காலத்து கார்களில் ஒரு குழாயை வைத்து அதை அப்படியே ரோட்டில் விட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்தில் திணறியதில் இதற்கும் பங்கு உண்டு. அந்த வாயுவை ஒரு வால்வ் வழியாகத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பி எரித்துவிடுவதுதான் பிசிவி. அவ்வளவுதான் சமாச்சாரம்!

இந்த எளிய பொருள் கலிஃபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலேயே வந்துவிட்டது. அமெரிக்கா முழுக்க வந்தது 1963 மாடலில். நடுவில் ஏன் இரண்டு வருடம்? கார் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, புகை குறைக்கும் கருவிகளைத் தாமதப்படுத்தின என்று அமெரிக்க நீதித் துறை 1969 ஜனவரியில் வழக்கே போட்டது. அதே வருடம் அது சமரசத் தீர்ப்பில் முடிந்தது. விசாரணை நடக்கவில்லை, யாரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆக, இந்தச் சின்ன வால்வில் கம்பெனிகள் காட்டிய 'அக்கறை' இன்று நேற்று வந்ததல்ல.

சரி, இப்போதைய கதைக்கு வருவோம். பழைய கார்களில் பிசிவி வால்வ் ஒரு ரப்பர் வளையத்தில் செருகியிருக்கும். இன்ஜின் ஆறியதும் கையால் இழுத்தால் வந்துவிடும். குலுக்கினால் 'கடகட' சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளே அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஹோஸில் விரிசல் இருந்தால் அதையும் மாற்ற வேண்டியதுதான். காபி குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை.

அடுத்து பிஎம்டபிள்யூவின் ஈ46 காரில் வந்த எம்54 இன்ஜினைப் பாருங்கள். அங்கே ஆயிலைப் பிரிக்கும் பாகம் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கை நுழையாத சந்தில் உட்கார்ந்திருக்கிறது. அதோடு சேர்ந்த பிளாஸ்டிக் குழாய்கள் வயதானால் தொட்டாலே ஒடியும். குளிர் நாடுகளில் ஈரமும் ஆயிலும் கலந்து மஞ்சள் மயோனைஸ் மாதிரி உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்போதும் பொறுமைசாலிகள் வீட்டு வாசலிலேயே அதை மாற்றிவிடுகிறார்கள். தேவைப்படுவது சாதாரண ஸ்பானர் செட்டும் ஒரு விடுமுறை நாளும்.

அதற்கும் வைத்தார்கள் ஆப்பு. செவர்லே குரூஸின் 1.4 டர்போ, பிஎம்டபிள்யூவின் என்55 போன்ற இன்ஜின்களில் பிசிவியின் ரப்பர் சவ்வு வால்வ் கவருக்குள்ளேயே போய்விட்டது. சவ்வு கிழிந்தால் கம்பெனிக் கணக்குப்படி முழுக் கவரையும் மாற்ற வேண்டும். சட்டைப் பித்தான் அறுந்தால் புதுச் சட்டை வாங்கு என்கிற கதைதான்!

'இணைப்புகள் குறைந்தால் கசிவும் குறையும்' என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அந்தச் சவ்வை மட்டும் தனியாக விற்பதற்கு என்ன கேடு? வெளிக் கம்பெனிகள் இதே கவர்களுக்குச் சவ்வை மட்டும் தனி கிட்டாக விற்கின்றனவே! அவர்களால் முடிவது காரையே தயாரித்தவர்களால் முடியாதா? முடியும். முழுக் கவர் விற்றால் வருகிற லாபம் சவ்வில் வராது. வணிகவியல் முதல் வருடப் பாடம் இது.

'பாதுகாப்பு' என்று அடுத்த அஸ்திரம் வரும். ஏர்பேகை வீட்டில் பிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சில மாடல்களில் பிசிவியோடு மின் சூடேற்றி இருக்கும், அங்கே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இதைக் கையேட்டில் ஒரு வரியில் எழுதிவிடலாம். இத்தனைக்கும் 2017இல் அமெரிக்காவில் சுமார் 7,40,000 பிஎம்டபிள்யூ கார்களைத் திரும்ப அழைக்க வைத்தது அந்தச் சூடேற்றியின் தீ அபாயம்தான். அதை வைத்தது வீட்டில் ஸ்பானர் பிடித்தவர்கள் இல்லை, கம்பெனியேதான்.

இது ஏதோ வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். ஸ்பேர் பார்ட்ஸையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அதன் பிறகு மேல்முறையீடு, வழக்கு, வாய்தா...

இதில் நஷ்டப்படுவது யார்? செகண்ட் ஹேண்டில் கார் வாங்கிய நடுத்தரக் குடும்பம். ஆயில் குறைகிறது, ஐடிலில் இன்ஜின் தடுமாறுகிறது என்று போனால், 'ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்' என்று எஸ்டிமேட் நீளும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் பிசிவியைப் பார்த்தீர்களா என்று கேட்க அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கும் வரைதான் அந்த எஸ்டிமேட்டுக்கு மதிப்பு.

ஹோஸைப் பிடுங்கி ரோட்டில் விடுகிற 'டியூனிங்' புலிகளும் கவனிக்கட்டும். பழுது பார்க்கும் உரிமை என்பது ஊர்க்காற்றைக் கெடுக்கும் உரிமை அல்ல. சரியான பாகத்தை, சரியான இடத்தில், சொந்தக் கையால் மாட்டுகிற உரிமை. பாகத்தைத் தனியாக விற்கட்டும், கை எட்டும் இடத்தில் வைக்கட்டும், கழற்றும் முறையைக் கையேட்டில் போடட்டும். காசு கொடுத்துக் கார் வாங்கியவர் கேட்பது இந்த மூன்றுதான்.