ஊரில் காத்த அடுப்பு

2013 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21, 22 ஆம் திகதிகளில் கனடாவின் ரொறன்ரோ நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் உறைமழை தாக்கியது. பனிக்கட்டியின் பாரம் தாங்காது முறிந்த மரக்கிளைகள் மின்கம்பிகள் மீது வீழ்ந்தன. அந்நகரில் மாத்திரம் ஏறத்தாழ 3 இலட்சம் மின்பாவனையாளர்கள் இருளில் மூழ்கினர். நத்தார் பண்டிகை கடந்த பின்னரும் பல வீடுகளுக்கு மின்சாரம் திரும்பவில்லை.

அந்நாட்களில் ஸ்காபரோவில் உள்ள தம் வீட்டில் நிகழ்ந்ததை என் பழைய நண்பர் ஒருவர் பின்னர் தொலைபேசியில் கூறினார். அவர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர். மின்சாரமே இல்லாத ஊரில் நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். "இது என்ன பெரிய காரியம், நாங்கள் காணாததா?" என்று கூறிக்கொண்டு, கோடையில் இறைச்சி வாட்டும் கரியடுப்பை நிலக்கீழ் அறைக்குள் கொண்டுவந்து மூட்டியிருக்கிறார். சோறு வெந்தது. அறையும் சூடேறியது. சற்று நேரத்தில் மனைவிக்குத் தலையிடி, பேரப்பிள்ளைக்கு வாந்தி. அவ்வேளை சுவரில் இருந்த எச்சரிக்கைக் கருவி அலறியது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எல்லோரும் பனிக்குள் ஓடினார்கள். "அந்தச் சின்னப் பெட்டி கத்தியிராவிட்டால், இன்றைக்கு உம்மோடு கதைக்க நான் இருந்திருக்க மாட்டேன்" என்றார்.

இதனை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஒரு காலத்தில் தன் குடும்பத்தைப் பட்டினியிலிருந்து காத்த அதே கைப்பழக்கம், இன்னொரு நாட்டில் அக்குடும்பத்தையே அழிக்க இருந்தது. எம்மவரிடம் அனுபவம் இருந்தது. அந்த அனுபவம் எந்த வீட்டுக்கு உரியது என்ற நினைவு மாத்திரம் இருக்கவில்லை.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. அடுத்து வந்த ஆண்டுகளை மக்கள் இருளிலேயே கழித்தனர். பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் பொன்னைப் போல் அரிதாயிற்று. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்துச் சிறிதளவு எண்ணெய் ஊற்றி, சைக்கிள் வால்வுக் குழாயில் திரியிட்டு எரித்த சிக்கன விளக்கைத் தெரியாதவர் அக்காலத்தில் எவருமிலர். அவ்வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினர். பற்றரிக்கும் தடை இருந்தமையால், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, அதன் டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் பெற்றுச் செய்தி கேட்டோம்.

அடுக்களையின் கதையும் அவ்வாறே. பனைமட்டை, பாளை, பன்னாடை, கொக்காரை, ஊமல், சிரட்டை எல்லாமே எரிபொருளாயின. தகரத்தின் நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரத்தூளை இறுக்கி, பின் போத்தலை உருவியெடுத்துச் செய்த மரத்தூள் அடுப்பு மணிக்கணக்கில் நின்று எரிந்தது. கொதித்த பானையைச் சாக்கினால் சுற்றி வைத்தால் மிகுதி வேலையைச் சூடே பார்த்துக்கொள்ளும் என்பதைப் பெண்கள் அறிந்திருந்தனர். வறுத்த அரிசிமா, ஒடியல், புழுக்கொடியல், வடகம், கருவாடு, பனங்கட்டி ஆகியன குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டின் களஞ்சியம். அன்றைக்குச் சமைத்ததை அன்றைக்கே உண்டு முடிப்பது வழக்கம்.

இவற்றை நினைவுகூரும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்த அடுப்பு எரிந்த இடம் எது? பெரும்பாலும் வீட்டை விட்டுச் சற்று விலகிய குசினி, அல்லது முற்றத்து மூன்று கற்கள். சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு முழ இடைவெளி. கிடுகு வேலியூடாகக் காற்று வரும், புகை போகும். அப்புகையை நாள் முழுவதும் சுவாசித்த எம் தாய்மாரின் கண்களும் நெஞ்சும் பட்ட பாடு வேறு கதை. ஆயினும் நஞ்சு தங்கி நின்று கொல்லும் அளவுக்கு அவ்விடம் மூடப்பட்டிருக்கவில்லை.

பனிநாட்டு வீடு அப்படியன்று. குளிர் புகாதபடி கதவும் சாளரமும் இறுக அடைக்கப்பட்டவை அவை. கரியும் விறகும் பெற்றோலும் எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது பிணைந்துகொள்கிறது. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு என்பனவே அறிகுறிகள். தடிமன் காய்ச்சல் என்று எண்ணிப் படுப்பவர் எழும்புவதில்லை. கரி புகையாமல் தணலாக இருந்தால் ஆபத்தில்லை என்பது எம்மவரிடையே நிலவும் நம்பிக்கை. அது முற்றிலும் தவறு. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்தில் கடுங்குளிரில் மின்சாரம் தடைப்பட்டபோதும், வீட்டைச் சூடாக்க முயன்ற பலர் இவ்வாயுவினால் மாண்டனர்.

நீண்ட மின்தடை என்பது போருக்கு மாத்திரம் உரியது என்று இன்று யாரும் சொல்ல முடியாது. 2003 ஆகஸ்ட் 14 அன்று பிற்பகல் 4 மணி கடந்த சில நிமிடங்களில், வட அமெரிக்காவில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரத்தை இழந்தனர். ஒகாயோ மாநிலத்தில் மின்கம்பிகள் மரங்களில் உரசியதில் தொடங்கிய கோளாறு ஒன்ராறியோ வரை பரவிற்று. இலங்கையில் 2022 மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டு. அதே காலத்தில் சமையல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் இன்றி மக்கள் வரிசைகளில் நாட்கணக்கில் காத்து நின்றனர். கொழும்பின் அடுக்குமாடிகளில் வாழ்ந்தோருக்கு விறகு இருந்தாலும் மூட்ட இடம் இருக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததாகக் கூறப்பட்டு நாடே இருண்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளமும் மண்சரிவும் பல மாவட்டங்களை மின்சாரமும் நீரும் இன்றித் தவிக்க வைத்தன.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. கனடிய அரசு தன் மக்களிடம் 72 மணி நேரம் தாமாகவே சமாளிக்கத் தயாராக இருக்குமாறு கேட்கிறது. இதனை எம் சமையலறைக்கு ஏற்ப எவ்வாறு பொருத்துவது?

முதலாவது நீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் வீதம், குடிக்கவும் சமைக்கவும். உயர்மாடிகளில் நீரை மேலேற்றுவது மின்சாரம். மின்தூக்கி நிற்கும்போது குழாயும் வற்றும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

இரண்டாவது உணவின் ஒழுங்கு. திறக்காத குளிர்சாதனப் பெட்டி சுமார் 4 மணி நேரம் உணவைக் காக்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். எனவே அடிக்கடி திறந்து பார்க்கலாகாது. கெடக்கூடியதை முதலில் உண்க, உலர்ந்ததைக் கடைசிக்கு வைக்க. குளிர் நீங்கிய இறைச்சியையும் மீனையும் பாலையும் "மணக்கவில்லையே" என்று வைத்திருப்பது ஆபத்து. தேங்காய்ப்பால் விட்ட கறி விரைவில் பழுதாகும். ஒரு வேளைக்கு வேண்டிய அளவே சமைத்தல் நன்று.

மூன்றாவது, நெருப்பே வேண்டாத உணவு. ஊறவைத்தால் போதுமான அவல், வறுத்த அரிசிமா, பொரிவிளாங்காய், புழுக்கொடியல், பேரீச்சம்பழம், ரின் மீன், பால்மா. இவை இருந்தால் மூன்று நாட்களுக்கு அடுப்பின்றியும் சீவிக்கலாம். மாடிக் குடியிருப்பில் வாழ்வோருக்கு இதுவே மிகப் பாதுகாப்பான வழி என்பது என் கருத்து. ரின்னைத் திறக்கும் கைக்கருவியையும் மறக்க வேண்டாம்.

நான்காவது நெருப்பு. கரியடுப்போ, விறகோ, மின்பிறப்பாக்கியோ எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள்ளும் வாகனக் கொட்டகைக்குள்ளும் கூடாது. மின்பிறப்பாக்கியைச் சாளரங்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வெளியே வைக்க வேண்டும். சிறிய எரிவாயு அடுப்பாயின், உள்ளே பாவிக்கலாம் என்று அதன் அறிவுறுத்தலில் எழுதியிருந்தால் மாத்திரம், சாளரத்தைத் திறந்துவிட்டுப் பாவிக்கலாம். பற்றரியில் இயங்கும் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். மின்சாரத்தில் மாத்திரம் இயங்குவது, மின்சாரம் போன இரவில் ஊமையாகிவிடும்.

ஐந்தாவது, நோயாளரும் முதியோரும். இன்சுலின் போன்ற மருந்துகளை எவ்வளவு நாள் குளிரின்றி வைத்திருக்கலாம் என மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். தனியே வாழும் அயலவர் எவர் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அன்று எம்மைக் காத்தவற்றுள் வேலிப் பொட்டும் ஒன்று. அதனூடாகத் தணலும் வந்தது, ஒரு சுண்டு அரிசியும் வந்தது.

இதற்கெல்லாம் பணம் வேண்டுமே, எல்லோராலும் இயலுமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நாளாந்தக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு மூன்று நாள் உணவைச் சேமித்து வை என்று சொல்வது கொடுமை. அத்தகையோருக்கு அரசும் ஊர்ச் சங்கங்களும் கோவில்களும் பொதுச் சமையலறையை ஆயத்தமாக வைத்திருப்பதே கடன். ஆனால் வசதியுள்ளவர்களும் ஆயத்தமாக இல்லையென்பதே நான் காணும் உண்மை. அதற்குக் காரணம் பணமன்று. எல்லாம் எமக்குத் தெரியும் என்ற எண்ணமே.

என் நண்பர் இப்போது ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளார். ஆண்டுக்கொரு முறை, இலையுதிர் காலத்தில், ஒரு சனிக்கிழமை மாலை தொடக்கம் மறுநாள் காலை வரை வீட்டில் மின்சாரம் இல்லை என்று வைத்துக்கொள்கிறார்கள். விளக்கு எங்கே, தண்ணீர் எங்கே, எதை உண்பது என்று பேரப்பிள்ளைகளே தேடுகிறார்கள். அவரது மனைவி அவல் நனைக்கிறார். அவர் ஜாம் போத்தல் விளக்கின் கதையைச் சொல்கிறார். கதை முடிந்ததும், கரியடுப்பை உள்ளே கொண்டுவந்த இரவின் கதையையும் சொல்கிறார்.

முதலாவது கதையை நாம் எல்லோரும் பெருமையுடன் சொல்லி வருகிறோம். இரண்டாவதையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைகள் பிழைப்பர்.